பவளம் ஏன் மடிந்தது? கண்ணாடித் தொட்டி முதல் மன்னார் வளைகுடா வரை

கடலைக் கண்ணாடித் தொட்டிக்குள் அடக்கி வைக்க முடியுமா? நன்னீர் வண்ணமீன்களைத் தொட்டியில் வளர்ப்பது பலருக்கும் பழக்கமான பொழுதுபோக்கு. ஆனால் கடல்நீர்த் தொட்டியில் பவளத்தை வளர்ப்பது முற்றிலும் வேறான காரியம். நேற்று மாலை வரை பூவிதழ்களைப் போல விரிந்திருந்த பவளம் இன்று காலையில் சுருங்கிக் கிடக்கும். மறுநாள் அதன் நிறம் வெளுக்கும். பிறகு தசை கரைந்து வெறும் சுண்ணாம்புக் கூடு மட்டும் மிஞ்சும். நீரோ பளிங்கு போலத் தெளிவாகவே இருக்கும், மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும். "எங்கே தவறு நேர்ந்தது?" என்று வளர்த்தவர் திகைத்து நிற்பார்.

இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய 180 ஆண்டுகள். தொட்டியில் பவளம் மடிவதைக் கண்டு அதன் காரணத்தைத் தேடியவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய உண்மையைக் கண்டனர். அந்த உண்மைகள்தாம் நம் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் மடியும்போது காரணம் அறிய உதவுகின்றன. அந்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

பவளம் என்பது என்ன?

பவளம் செடியுமன்று, கல்லுமன்று. அது ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி வாழ்கின்றன. கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துச் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் வழவழப்பான சுவர்ப் பூச்சில் உள்ள கிளிஞ்சல் சுண்ணாம்பு இறுகி எந்தப் பொருளாக மாறுகிறதோ, அதே கால்சியம் கார்பனேட்டுதான் பவளத்தின் எலும்பும். ஒரு வேறுபாடு உண்டு. சுவரைக் கட்டியவர் போய்விட்டாலும் சுவர் நிற்கும். பவளப்பாறையோ அதைக் கட்டும் உயிர் இருக்கும் வரைதான் வளரும். உயிர் போனபின் அலையும் புழுவும் அதைச் சிறிது சிறிதாக அரித்துவிடும்.

சன்னலோரம் நீர் ஊற்றிய பணிப்பெண்

1846-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டார்க்கி என்னும் கடற்கரை ஊருக்கு அன்னா தைன் என்ற சீமாட்டி சென்றிருந்தார். அங்கே பாறையிடுக்கில் வாழும் சிறு பவளங்களைக் கண்டு வியந்து, அவற்றைக் கடல்நீரோடு லண்டனுக்கு எடுத்துவந்தார். ஊசியும் நூலும் கொண்டு அவற்றை ஒரு பெரிய கடற்பஞ்சின்மீது தைத்து நிறுத்தி, கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் நீரை மாற்ற வேண்டியிருந்தது. கடலிலிருந்து அவ்வளவு நீரை லண்டனுக்குக் கொண்டுவருவது எளிதன்று. ஆகவே பழைய நீரையே திறந்த சன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றச் செய்தார். நாள்தோறும் அரை மணி முதல் முக்கால் மணி வரை இந்த வேலையைச் செய்தவர் அவர் வீட்டுப் பணிப்பெண். பவளங்கள் பிழைத்தன!

நம் வீடுகளில் காப்பியை ஆற்றுவது போன்ற இச்செயலில் ஒரு பௌதிக உண்மை அடங்கியிருக்கிறது. அசையாத நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் மிகமிகக் குறைவு. பரவல் ஒன்றையே நம்பியிருந்தால், நீர்மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழத்தை அது எட்ட ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். நீரை ஊற்றும்போதோ அதன் மேற்பரப்பு பன்மடங்கு விரிகிறது. காற்றுக் குமிழிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. ஒரு மாத வேலை சில நிமிடங்களில் முடிகிறது. அந்தப் பணிப்பெண்ணின் கைகள் செய்த வேலையைத்தான் இன்று தொட்டியின் காற்றுப் பம்பு செய்கிறது.

1847-இல் அன்னா தைன் உயிருள்ள கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார். வெளிச்சம்பட்ட பாசி ஆக்சிஜனை வெளிவிட, தொட்டி நெடுநாள் நிலைத்தது. தம் அனுபவங்களை 1859-இல் கட்டுரையாக வெளியிட்டார். இதற்கிடையே ராபர்ட் வாரிங்டன் 1850-இல் மீன், நத்தை, நீர்த்தாவரம் மூன்றையும் ஒரே தொட்டியில் சமநிலையில் வைத்துக் காட்டினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்னா தைன் வளர்த்தவை குளிர்கடல் பவளங்கள். வெப்பமண்டலக் கடலின் பாறை கட்டும் பவளங்களைக் கொண்டுவந்து வைத்தபோது, எவ்வளவு காற்றூட்டியும் அவை மடிந்தன. ஆக்சிஜன் மட்டும் போதவில்லை. அப்படியானால் இரண்டாவது குறை எது?

இருட்டில் வைத்த பவளம்

பவளத்தின் தசைக்குள் பழுப்பு நிறமான ஓரணு உயிர்கள் இருப்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருப்பெருக்கியில் கண்டிருந்தனர். அவை பவளத்தின் உறுப்பா, விருந்தாளியா, ஒட்டுண்ணியா என்பது நெடுநாள் விவாதமாயிருந்தது. 1928-29-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு மோரிஸ் யங் தலைமையில் ஓர் ஆய்வுக்குழு சென்றது. அக்குழுவினர் பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டியில் வைத்தனர். நாளடைவில் ஓரணுப் பாசிகள் அகன்று பவளம் வெளுத்தது. பாசி தங்குவதற்கு ஒளி இன்றியமையாதது என்பது இதனால் தெளிவாயிற்று.

1959-இல் ஜமைக்காவில் தாமஸ் கோரோ கதிரியக்கக் கால்சியத்தைப் பயன்படுத்தி, பவளம் கூடு கட்டும் வேகத்தை அளந்தார். வெளிச்சத்தில் அவ்வேகம் இருட்டில் இருப்பதைவிடக் கூடுதல் என்று கண்டார். பாசி தயாரிக்கும் உணவின் பெரும்பகுதி பவளத்துக்குச் செல்கிறது என்பதும் பின்னர் உறுதியாயிற்று. ஆகவே பவளத்தொட்டிக்கு விளக்கு என்பது அலங்காரப் பொருளன்று, அதுதான் சமையலறை.

விளக்கு கொண்டுவந்த வினை

விளக்கைக் கூட்டியதும் வேறொரு தொல்லை புகுந்தது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 100 லிட்டர் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கச் சுமார் 418 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 100 வாட் விளக்கின் ஆற்றல் முழுவதும் நீருக்குள் சென்றால் ஒரு மணியில் 360 கிலோஜூல் சேரும். வெப்பம் வெளியேற வழியில்லை என்று கொண்டால், நீர் மணிக்குச் சுமார் 0.86 டிகிரி சூடேறும். நடைமுறையில் ஆவியாதலும் காற்றும் பெரும்பகுதி வெப்பத்தை நீக்கிவிடும். ஆயினும் கோடையில் மூடிய அறையில் வைத்த தொட்டி இரண்டு மூன்று டிகிரி ஏறுவதில் வியப்பில்லை.

இரண்டு மூன்று டிகிரி பெரிய காரியமா? பவளத்துக்குப் பெரிய காரியம்தான். அமெரிக்கரான ஆல்ஃபிரட் மேயர் புளோரிடாவை அடுத்த டார்ட்டுகாஸ் தீவுகளில் கடலுயிர்களைச் சிறிது சிறிதாகச் சூடேற்றிச் சோதித்து, முடிவுகளை 1914-இல் வெளியிட்டார். வெப்பமண்டலப் பவளங்கள் தம் சாவு வெப்பநிலைக்குச் சில டிகிரி மட்டுமே கீழே வாழ்கின்றன என்பது அவர் கண்ட உண்மை. கோடையின் வழக்கமான உச்ச வெப்பநிலையை 1 டிகிரி தாண்டிச் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் வெளுக்கத் தொடங்கும் என்பது இன்று உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல். மிகுந்த வெப்பமும் ஒளியும் சேரும்போது பாசியின் ஒளிச்சேர்க்கை சீர்கெட்டு, நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் வடிவங்கள் உண்டாகின்றன. பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடுகிறது. உணவு தந்தவனை வெளியே அனுப்பிய வீடு எத்தனை நாள் தாங்கும்?

வெளுத்த பவளம் உடனே செத்ததாகாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியால் மடியும்.

சுண்ணாம்புத் தெளிவுநீரும் செம்பும்

1961-இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் ஓர் எளிய முறையை வெளியிட்டார். கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் நிறைந்த பாறைத் துண்டுகளைத் தொட்டியில் வைத்து, சூரிய ஒளியையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் அளித்தார். கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவைப் பாறையின் நுண்ணுயிர்களே மாற்றிவிட்டன. இயற்கையின் துப்புரவுப் பணியாளர்களை வீட்டுக்கே அழைத்துவந்தார் எனலாம்.

இப்போது பவளங்கள் பிழைத்தன; ஆனால் சில காலம் கழித்து வளர்ச்சி நின்றது. கூடு கட்டக் கட்ட நீரில் கால்சியம் தீர்ந்துபோனதே காரணம். கடலில் இது தீராது; தொட்டியில் தீரும். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் இதற்கொரு மருந்தைப் பரப்பினார். அது வேறொன்றுமில்லை, வெற்றிலைப் பெட்டியுள்ள வீடுகளெல்லாம் அறிந்த சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீர்தான்! ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாகத் தெளிவுநீரைச் சொட்டுச் சொட்டாக விடும்போது, அது கரியமிலவாயுவுடன் சேர்ந்து பவளம் கேட்கும் பொருளைத் தருகிறது. ஒரேயடியாகக் கொட்டினாலோ நீரின் காரத்தன்மை திடீரென்று ஏறி, மருந்தே நஞ்சாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு குற்றவாளி செம்பு. பித்தளைக் கவ்வி, பம்பில் மறைந்துள்ள ஒரு சிறு உலோகத் துண்டு, மீன் நோய்க்குப் போட்ட மயில்துத்த மருந்து ஆகியவற்றிலிருந்து மிகச் சிறிய அளவில் கரையும் செம்பே பவளத்தைக் கொல்லப் போதுமானது; அதே அளவு செம்பை மீன் தாங்கிக்கொள்ளும். கடல்நீர் உலோகங்களை எவ்வாறு அரிக்கிறது என்பதை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையம் அமைத்து இத்துறையில் பணியாற்றி வந்துள்ளது.

ஆக்சிஜன், ஒளி, வெப்பம், கழிவு, கால்சியம், செம்பு என ஆறு காரணங்களை இதுவரை கண்டோம். ஒவ்வொன்றும் ஒரு தொட்டியின் சாவிலிருந்து கற்ற பாடம். இனி நம் கடலுக்கு வருவோம்.

மண்டபத்துக் கடலில்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 சிறு தீவுகள் உள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைக் காக்க 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே இப்பாறைகள் நிறைய இழந்துவிட்டன. முருகைக்கல் என்று கடற்கரை மக்கள் அழைக்கும் பவளக்கல்லைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டு தீவுகள் கடல்மட்டத்துக்குக் கீழே போய்விட்டன. இந்தச் சாவில் மர்மம் எதுவுமில்லை. கடப்பாரையின் வேலை அது.

மற்றச் சாவுகளுக்குத்தான் காரணம் தேட வேண்டியிருந்தது. 1949-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மண்டபம் முகாமுக்கு இடம் மாறியது. அங்கே பணியாற்றிய சி. எஸ். கோபிநாத பிள்ளை இப்பகுதிப் பவளங்களை விரிவாக ஆராய்ந்தார். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் கரைக்கு மேலே செய்த அழிவை அனைவரும் அறிவர். அது கடலடியிலும் மணலையும் சேற்றையும் பவளங்கள்மீது வாரிப்போட்டது. சேறு மூடிய பவளத்துக்கு ஒளியும் இல்லை, மூச்சும் இல்லை. யங் குழுவினரின் இருட்டுப்பெட்டிச் சோதனையை இயற்கையே இங்கு நடத்திவிட்டது போலும்.

வெப்பத்தின் முறை அடுத்து வந்தது. 1998-இல் உலகெங்கும் கடல் சூடேறியபோது மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளுத்தன. 2010-இலும் 2016-இலும் அது மீண்டும் நிகழ்ந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீரின் வெப்பநிலை 31 முதல் 33 டிகிரி வரை ஏறும்போது இங்கு வெளுப்பு தோன்றுகிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் கடலில் மூழ்கி எடுத்த கணக்கின்படி, 2016-இல் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து சுமார் 23 விழுக்காடாகக் குறைந்தது. 1914-இல் மேயர் தொட்டியில் கண்டதைக் கடல் பேரளவில் காட்டிவிட்டது.

2008-இல் வேறொரு செய்தி வெளிவந்தது. குருசடைத் தீவருகே பவளங்கள்மீது கப்பாஃபைகஸ் என்னும் வெளிநாட்டுச் சிவப்புப் பாசி படர்ந்து மூடியிருந்தது. வாணிகத்துக்காகக் கடலோரத்தில் வளர்க்கப்பட்ட பாசி அது. அடர்ந்த போர்வை போல மூடி, கீழேயிருந்த பவளத்தின் ஒளியை அது மறைத்துவிட்டது.

2019 செப்டம்பர்: மூச்சுத் திணறல்

2019 செப்டம்பரில் மண்டபம் பகுதிக் கடல் பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரையில் ஒதுங்கின. சிங்கிள் தீவையொட்டிய பாறைகளில் பவளங்கள் விரைவாக மடிந்தன. சுட்டெரிக்கும் கோடை கடந்துவிட்டது. புயல் அடிக்கவில்லை. யாரும் கல் வெட்டவில்லை. பிறகு பவளம் ஏன் மடிந்தது?

காரணம், மீனவர்கள் பூங்கோரை என்று அழைக்கும் நுண்ணுயிர்ப் பெருக்கம். நாக்டிலூகா என்பது அதன் அறிவியல் பெயர். இரவில் கடலலையை நீலமாக ஒளிரச் செய்வதும் இதுவே. நம் கடலில் காணப்படும் பச்சை வகை, பவளத்தைப் போலவே தன் உடலுக்குள் பாசியைக் குடிவைத்து வாழ்கிறது! இது அளவுமீறிப் பெருகும்போது, இரவில் அதன் சுவாசமும், செத்தபின் அதன் அழுகலும் நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துத் தீர்க்கின்றன.

ஆய்வாளர்கள் நீரை அளந்தனர். 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் காற்றிலிருந்து லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். 10 டிகிரி நீரானால் சுமார் 9 மில்லிகிராம். வெப்பக்கடலில் தொடக்கத்திலேயே கையிருப்பு குறைவு என்பது இதனால் விளங்கும். பூங்கோரை சூழ்ந்த இடத்தில் அந்த அளவு 2 மில்லிகிராமுக்கும் கீழே போயிருந்தது. கிளைகிளையாக விரைந்து வளரும் பவள வகைகளே அதிகம் பலியாயின.

லண்டன் வீட்டின் சன்னலோரத்தில் ஒரு பணிப்பெண் தீர்த்துவைத்த அதே குறைதான் 173 ஆண்டுகள் கழித்து மண்டபத்துக் கடலில் பவளத்தைக் கொன்றது. ஆனால் கடலை எடுத்து யார் ஆற்றுவது?

தடயம் பார்க்கும் முறை

இவ்வளவு வரலாற்றிலிருந்து மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? பவளத்தின் சாவுக்கு ஒற்றைக் காரணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு காரணமும் தனக்கென ஒரு தடயத்தை விட்டுச்செல்கிறது. மீன்கள் நலமாயிருக்கப் பவளம் மட்டும் வாரக்கணக்கில் வெளுத்தால் முதலில் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். மீனும் பவளமும் சேர்ந்து, அதிலும் விடியற்காலையில் மடிந்தால் ஆக்சிஜனை அளக்க வேண்டும். வளர்ச்சி மட்டும் நின்றால் கால்சியத்தைப் பார்க்க வேண்டும். மீன்கள் பிழைத்து, நண்டும் நத்தையும் பவளமும் மடிந்தால் செம்பைச் சந்தேகிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவதுதான் தொட்டி வளர்ப்போர் செய்யும் பெருந்தவறு. விளக்கை மாற்றி, நீரை மாற்றி, மருந்தையும் போட்டபின் பவளம் பிழைத்தாலும் எது பிழைக்கவைத்தது என்று தெரியாது; மடிந்தாலும் எது கொன்றது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்து, அளந்து குறித்துக்கொள்வதே சரியான வழி. ஆய்வுக்கூடத்தில் ஊசலின் நீளத்தை மட்டும் மாற்றி அலைவுநேரத்தை அளக்கும் மாணவன் கற்பதும் இதைத்தான். மன்னார் வளைகுடாவில் 2016-இன் சாவையும் 2019-இன் சாவையும் வேறு வேறு என்று பிரித்துக் காண முடிந்ததற்குக் காரணம், ஆண்டுதோறும் கடலில் மூழ்கி வெப்பநிலையையும் பவளப் பரப்பையும் எண்ணி எழுதிவைத்த குறிப்பேடுகளே.

வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. நம் நாட்டில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்குள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. வீட்டுத் தொட்டிக்காகப் பவளத்தை எடுப்பதும் வாங்குவதும் விற்பதும் குற்றமாகும்.

நமக்கென்று தனித் தொட்டி தேவையுமில்லை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் பேருந்தில் சென்றால் தொண்டியில் கடலைக் காணலாம். அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் மண்டபம். அங்கே கடலுக்கு அடியில் நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு தொட்டி இருக்கிறது. அதற்கு மாற்று நீர் இல்லை. காற்றுப் பம்பு இல்லை. 2024 ஏப்ரலில் உலகின் நான்காவது பெரும் பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. மேயர் கண்ட அந்தச் சில டிகிரி இடைவெளி மேலும் சுருங்கிவருகிறது. உலகக் கடலின் சூட்டைத் தணிக்க ஓர் ஊரால் முடியாது. ஆனால் கழிவுநீரும் சேறும் கடலில் சேராமல் தடுப்பதும், பூங்கோரை தோன்றியதும் ஆக்சிஜனை அளந்து சொல்லும் ஆட்களைப் பயிற்றுவிப்பதும் நம்மால் முடியும். அந்த ஆட்கள் இன்று நம் வகுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.